கறைமேல் ஏற்கெனவே ஊற்றியது

பாஸ் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு, கார் போர்ச்சில் எண்ணெய்க் கறை எடுப்பதைப் பற்றி உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்றார். எந்த மருந்தை எவ்வளவு நேரம் ஊறவிடுவது, எந்தப் பிரஷ்ஷால் தேய்ப்பது, வாட்டர் ஜெட்டை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது என்பதெல்லாம் போத்தலிலேயே அச்சடித்து ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதற்கு நான் எதற்கு? நான் எழுதப்போவது போத்தலில் இல்லாத சங்கதி. அது ஒரு பக்கத்தில் அடங்காது. பாஸ் பொறுத்துக்கொள்ளட்டும். அவரை நான் பொறுத்துக்கொண்ட வருடங்களுக்கு இது பெரிதில்லை.

நான் ஜெசிந்தா. வேலையை விட்டுவிட்டேன் என்றாலும் உங்களில் சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து, என்னோடு வேலை செய்த சின்னசாமி அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்த பொம்பளை நான்தான். இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் தோட்டத்தில் முதுகில் பம்பு மாட்டிக் களைக்கு மருந்து அடித்தேன். அதனால்தான் சோப்பையும் மருந்து என்பேன், அசிட்டையும் மருந்து என்பேன். அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் யாரும் பம்பைத் திறக்க மாட்டோம். இங்கே அந்த மாதிரி முன்கூட்டிப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

கறையால் நமக்குத் தொல்லை கிடையாது. இன்ஜின் எண்ணெய் சிமெண்டுக்குள் எப்படி இறங்கும், எதற்கு வெளியே வரும் என்பதெல்லாம் உங்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும். தொல்லையெல்லாம் நம்மைக் கூப்பிடுவதற்கு முன்னால் வீட்டுக்காரர்கள் அந்தக் கறைக்குச் செய்து பார்த்த வைத்தியத்தால் வருவது. நம்மை யாரும் முதலில் கூப்பிடுவதில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். சோப்புத்தூள் கொட்டுவார்கள். பல் விளக்கும் பேஸ்ட்டைத் தடவித் தேய்ப்பார்கள். போனில் எவனோ சொன்னான் என்று கறுப்பு சோடாவை ஊற்றி எறும்பை அழைப்பார்கள். எல்லாம் செய்து முடித்து, கறை தன் சொந்த நிறத்தையே மறந்துபோன பிறகு நமக்குப் போன் வரும். நாம் போய் நின்று, இதன்மேல் என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டால், மாநிலம் முழுவதும் ஒரே பதில்தான். "ஒன்னும் ஊத்தலலா."

கெமாஸில் ஒரு பெரியவர் இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பாலை உறையவைக்கும் அசிட்டில் ஒரு டின் எப்படியோ அவரோடு சேர்ந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டது. அதை வைத்து அவர் கக்கூஸ் கழுவினார், சைக்கிள் துரு எடுத்தார், கடைசியில் கார் போர்ச்சில் இருந்த எண்ணெய்க் கறைமேலும் ஊற்றினார். அசிட்டுக்கும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எண்ணெயை விட்டுவிட்டு அது சிமெண்டைத் தின்றுவிட்டது. நாங்கள் போனபோது கறை ஒரு குழிக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"தாத்தா, என்ன ஊத்துனீங்க?"

"ஒன்னும் ஊத்தலமா."

"அப்ப குழி எப்படி வந்துச்சு?"

"மழ பேஞ்சிச்சு," என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

கறை இருந்த இடத்தில் மட்டும் பெய்த மழை. இப்படிப்பட்ட ஆட்களோடு வேலை செய்துதான் நான் ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். என்ன ஊற்றினார்கள் என்று தெரியாமல் எங்கள் போத்தலின் மூடியைத் திறப்பதில்லை. ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்பேன், வேறு வேறு ஆளிடம் கேட்பேன், குனிந்து முகர்ந்தும் பார்ப்பேன். அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ரெம்பாவ் வீட்டுக்குப் போகும்வரை.

ரெம்பாவுக்குக் கொஞ்சம் முன்னால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் இருக்கின்றன. தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் வாங்கிக் குடியேறியவை. அதில் ஒரு வீட்டிலிருந்து சரஸ்வதி என்ற அம்மா கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் கூறைப்புடவை கொண்டுவருகிறார்கள். அதற்குள் கார் போர்ச்சில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை இருக்கக்கூடாது. இதை அவர் போனில் சொன்ன தோரணையைக் கேட்டால் ஏதோ நோயாளிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறார் என்று நினைப்பீர்கள்.

சனிக்கிழமை காலையில் நானும் சின்னசாமி அண்ணனும் போனோம். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். வாழைமரம் கட்டியாயிற்று. உள்ளே ஒரு படை உறவுக்காரர்கள். கறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது கார் ஒழுகிய கறை இல்லை. கார் ஒரே இடத்தில்தான் ஒழுகும். இங்கே நடுவில் பாய் அகலத்துக்குக் கருத்துக் கிடந்தது, சுற்றிலும் சின்னச் சின்னதாகத் தெறித்திருந்தது. சுவரில் வரிசையாக ஆணிகள். ஸ்பேனர் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுத்து அச்சாகத் தெரிந்தன.

"இங்க யாரும்மா மோட்டார் செய்யுறது?" என்று கேட்டேன்.

"என் மவதான்," என்றார் சரஸ்வதி அம்மா. "கல்யாணப் பொண்ணு."

பெண்ணின் பெயர் கோகிலா. தொழிற்கல்லூரியில் மோட்டார் சைக்கிள் வேலை படித்துவிட்டு, வேறெங்கும் போகாமல் வீட்டு போர்ச்சிலேயே பட்டறை வைத்துவிட்டாள். தோட்டத்தில் குலை வெட்டப் போகிறவர்களுக்கு மோட்டார் ஓடவில்லை என்றால் அன்றைய வேலை போயிற்று. அதனால் விடிவதற்கு முன்னாலேயே வாசலில் ஆள் நிற்குமாம். மாப்பிள்ளையும் மோட்டாரைச் சரிசெய்ய வந்தவர்தான். மோட்டார் சரியான பிறகும் வந்துகொண்டிருந்ததால் விஷயம் பெரியவர்கள்வரை போனது.

மாப்பிள்ளைக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் அவருடைய அம்மாவுக்கு. நிச்சயதார்த்தத்தன்று அந்த அம்மாவின் பட்டுப்புடவைக் கரை இந்தக் கறையில் பட்டுவிட்டது. "பொண்ணு வீட்டுக்கு வந்தோமா, ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோமான்னு தெரியல," என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இந்த எண்ணெய் வேலையெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். சரஸ்வதி அம்மா, சரி சம்பந்தி, நிறுத்திவிடுகிறோம் என்று தலையாட்டிவிட்டார். அதைக் கோகிலாவிடம் மட்டும் சொல்லவில்லை.

"கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்னு இருக்கேன்," என்றார். கோகிலா அப்போது மருதாணி வைக்கச் சிரம்பானுக்குப் போயிருந்தாள். அவள் கிளம்பியதும் டூல்பாக்ஸ், ஜாக்கி, டயர் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பின்கட்டுக்குக் கடத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது தரை மட்டும். அதற்குத்தான் நாங்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு பெண்ணின் பிழைப்பை நிறுத்தப் போகிறார்கள். அது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், அக்கம்பக்கத்துக்குத் தெரியும், எண்ணெய்க் கறை எடுக்க வந்த எனக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஆனால் நம்மைக் கூப்பிட்டது கறைக்கு, கருத்துக்கு இல்லை என்று வாயைக் கட்டிக்கொண்டு வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"இந்தக் கறை மேல என்னென்ன ஊத்துனீங்கம்மா?"

"மண்ணெண்ண ஊத்துனேன். சோப்புத்தூள் போட்டேன். எங்க நாத்தனார் சொன்னாங்கன்னு அரிசி மாவு கொட்டி வச்சேன்."

எனக்குக் கண் கலங்காத குறை. இத்தனை வருடத்தில் உண்மை சொன்ன முதல் வாடிக்கையாளர்.

"வேற?"

"வேற ஒன்னுமில்லமா. சத்தியமா."

நாத்தனாரைத் தனியாகக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். குனிந்து முகர்ந்தேன். மண்ணெண்ணெய் வாசம்தான் வந்தது. சட்டப்படி எல்லாம் முடிந்தது. சின்னசாமி அண்ணனுக்குத் தலையசைத்தேன். அவர் எண்ணெய் எடுக்கும் மருந்தைக் கலந்தார். அந்த மருந்து காரம், அசிட்டுக்கு நேர் எதிர், கையில் பட்டால் தோலை உரித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கறைமேலும் அதைச் சுற்றியும் போர்ச் முழுக்க ஒரே சீராகத் தெளித்தார்.

தரை சிவந்தது.

முதலில் செங்கல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கருஞ்சிவப்பாகிப் பரவியது. வட்டத்திலிருந்து வீட்டு வாசல்படி வரைக்கும் சிவப்பாகக் காலடிகள் எழுந்தன. சாக்கடைப் பக்கமாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. சின்னசாமி அண்ணன் தெளிப்பானைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் அதைச் செய்தமாதிரி.

உள்ளேயிருந்து முதலில் வந்தது நாத்தனார். "ஐயோ, ரத்தம்," என்றார். அவ்வளவுதான், வீடே வெளியே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள், பெண் வீட்டு வாசலில், ரத்தம் தோய்ந்த காலடி. ஒரு அத்தை அபசகுனம் என்றார். இன்னொருவர், இந்த வீட்டில் என்னமோ இருக்கிறது என்று அப்போதே சொன்னேனே என்றார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சரஸ்வதி அம்மா வாசல்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "சம்பந்தி வந்து பாத்தா கல்யாணம் நின்னுரும்," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லோரும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கால்களைப் பார்த்தேன். கல்யாண வீடு, ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை. அத்தனை பேரும் வெறுங்காலோடு காரத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் கூப்பிடுகிற குரலில் கத்தினேன். எல்லாரும் நாற்காலியில் ஏறுங்கள், காலைத் தூக்குங்கள் என்றேன். மரியாதை பார்க்கவில்லை, வயது பார்க்கவில்லை. பட்டுப்புடவையோடு இருந்த ஒரு பெரியம்மாவைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து நானே காலில் தண்ணீர் ஊற்றினேன். சின்னசாமி அண்ணன் ஜெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் திறந்திருந்தால் காரம் அத்தனை முகத்திலும் தெறித்திருக்கும். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அப்ப அசிட் அடிச்சிருவமா?" என்றார்.

"நீங்க வாய மூடிக்கிட்டு டியூப்புல தண்ணியத் திறங்கண்ணே."

உள்ளேயிருந்து யாரோ பிளீச் போத்தலை நீட்டினார்கள். அதையும் பிடுங்கி வேனில் வைத்துப் பூட்டினேன். என்ன நடந்தது என்று தெரியாதபோது ஒரு மருந்தின் மேல் இன்னொரு மருந்தை ஊற்றுவதுதான் இந்தத் தொழிலில் ஆளைக் கொல்கிறது. பயத்தில் கை அடுத்த போத்தலைத்தான் தேடும். தேடவிடாதீர்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு யோசியுங்கள். தண்ணீரால் யாரும் சாகமாட்டார்கள்.

தண்ணீர் ஓட ஓடச் சிவப்பு கொஞ்சம் வெளுத்தது. முழுக்கப் போகவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். சுவரோரம் ஒரு மரப்பலகை, மணை, சாய்த்து வைத்திருந்தது. அதன் ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்த கோடு. நாற்காலியில் கால் தூக்கி உட்கார்ந்திருந்த நாத்தனாரின் விரல்களைப் பார்த்தேன். அதுவும் மஞ்சள்.

"நேத்து இங்க என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"நேத்தா?" என்றார் சரஸ்வதி அம்மா. "நேத்து நலங்கு."

"எங்க வச்சு?"

"இங்கதான். கறை போட்டோவுல விழக்கூடாதுன்னு மணைய அது மேலயே போட்டு உக்கார வச்சோம்."

"மஞ்சத்தண்ணி ஊத்துனீங்களா?"

"ஊத்தாம? குடம் குடமா ஊத்துனோம்."

"நான் அத்தன தடவ கேட்டேனே, ஏம்மா சொல்லல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு துளி கள்ளம் இல்லை. உண்மையாகவே அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "நீங்க கறைக்கு என்ன ஊத்துனீங்கன்னுதானமா கேட்டீங்க? மஞ்சத்தண்ணி பொண்ணுக்கு ஊத்துனது."

மஞ்சளும் காரமும் சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தி அதுதானே? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கினால் சிவப்பு. அந்தப் போர்ச்சில் நாற்காலியில் ஏறி நின்ற ஒவ்வொரு பெண்ணும் வாழ்க்கையில் எத்தனையோ ஆரத்தி கரைத்தவள். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றாலும் என் கல்யாணத்திலும் நலங்கு வைத்தார்கள், ஆரத்தி எடுத்தார்கள். சின்னசாமி அண்ணனோ வருடா வருடம் காவடி எடுக்கிற ஆள். தட்டில் சிவந்தால் மங்களம், தரையில் சிவந்தால் ரத்தம் என்று எங்கள் அத்தனை பேருக்கும் புத்தி அன்று விடுமுறையில் போயிருந்தது.

ஆரத்திதான் என்று நான் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. கோகிலா இறங்கினாள். இரண்டு கையிலும் மருதாணி காய்ந்துகொண்டிருந்ததால் கைகளை முன்னால் நீட்டியபடி நடந்து வந்தாள். நாற்காலிகளில் கால் தூக்கிய உறவினர் கூட்டத்தையும் சிவப்புத் தண்ணீரையும் பார்த்தாள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"என் டூல்பாக்ஸ் எங்க?" என்றாள்.

அபசகுனம் என்ற அத்தைகூட சரஸ்வதி அம்மாவைத்தான் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, என் சாமானெல்லாம் எங்க?"

சரஸ்வதி அம்மா சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ள வீட்டு அத்தை கேட்டாங்கன்னு சரின்னுட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கல்யாணம் நின்னு போச்சுன்னா என்னடி பண்றது? அப்பா இல்லாத வீடு. நாளைக்கு ஊரு என்ன பேசும்?"

"காலையில வர்றவங்களுக்கு யாரும்மா மோட்டார் செஞ்சு குடுப்பா? நீங்களா?" என்றாள் கோகிலா. குரல் உடைந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை, கை முழுக்க மருதாணி. நாத்தனார் எழுந்து முந்தானையால் துடைத்துவிட்டார். கோகிலா என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நிறுத்துங்க. இது என் எடம்."

"கூப்பிட்டது நான்," என்றார் சரஸ்வதி அம்மா. "நீங்க செய்யுங்கம்மா. சாயங்காலம் வந்துருவாங்க."

இந்த மாதிரி நேரத்தில் போத்தலில் ஒட்டிய காகிதம் உதவாது. கூப்பிட்டவர் சொல்வதைச் செய்வதுதான் நம் வேலை என்று பாஸ் சொல்வார். நான் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னேன். "சிவப்பு எங்களால வந்தது. அத எடுக்காம நாங்க போகமாட்டோம். எண்ணெக் கறை உங்களோடது. அத எடுக்கணுமா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு ஒரே பதிலா சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அதத் தொடமாட்டேன்."

சிவப்பை எடுப்பது பெரிய வித்தையில்லை. காரம் முழுக்கப் போகும்வரை கழுவினோம். பிறகு சமையல்காரர்கள் ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரைத் தண்ணீரில் கலந்து தெளித்தோம். தெளித்த இடமெல்லாம் சிவப்பு மறைந்து மஞ்சளானது. மறுபடியும் கழுவினோம். மெல்லிய மஞ்சள் பூசியதுபோல் தரை நன்றாகவே இருந்தது. நடுவில் எண்ணெய்க் கறை ஒரு சுற்று வெளுத்து, போகாமல் கிடந்தது. அம்மாவும் மகளும் உள்ளே பேசிய சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் மட்டும் வரவில்லை.

பதிலுக்குப் பதில் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். சாயங்காலம் என்றவர்கள் மத்தியானமே வந்தார்கள். நம் ஆட்கள் வாழ்நாளில் ஒருமுறை சீக்கிரம் வருவார்கள், அதுவும் வரக்கூடாத நாளில். மாப்பிள்ளையின் அம்மா கூறைப்புடவைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கேட்டருகே நின்றார். தரையைப் பார்த்தார். பூட்ஸும் கையுறையுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"கறை போகலயா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

சரஸ்வதி அம்மா தன் உறவினர்களுக்கு நடுவில் இருந்து என்னையே பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளி என்று அந்தப் பார்வை கெஞ்சியது. கோகிலாவும் வாசல்படியில் நின்றாள். நாளைக்குள் காய்ந்து போய்விடும் அம்மா என்று நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்க்கு என் வாய் தேவைப்பட்டிருக்கும், விலையைக் கொடுப்பது அந்தப் பெண்ணாக இருந்திருக்கும். அதனால் தொழிலுக்குத் தெரிந்த உண்மையை மட்டும் சொன்னேன்.

"எடுத்துரலாம்மா. ஆனா மோட்டார் செய்யுற எடத்துல நாளைக்கே திரும்ப வந்துரும். வேல நின்னாதான் கறை நிக்கும். வேல நிக்குமா நிக்காதான்னு என்னால சொல்ல முடியாது. அது பொண்ணுக்குத்தான் தெரியும்."

"நிக்காது அத்தை," என்றாள் கோகிலா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

அந்த அம்மா தட்டோடு அப்படியே நின்றார். நான் அவரைக் கெட்டவராக நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்தால், வெயிலில் வியர்த்து, முழங்கால் வலியோடு நிற்கிற, என் வயதுப் பெண்.

"இத இப்பத்தான் சொல்லணுமா?" என்றார்.

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சிச்சு அத்தை."

அவர் சரஸ்வதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் சரஸ்வதி அம்மா பாதியாகச் சுருங்கிவிட்டார். பிறகு பெருமூச்சு விட்டு, "கை வலிக்குது. யாராச்சும் தட்ட வாங்குங்களேன்," என்றார். தட்டு கைமாறியதும் செருப்பைக் கழற்றினார், புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தார், கறையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனார். மிதிக்கவில்லை. ஆனால் போனார்.

நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். எங்கள் கடை இருக்கும் மம்பாவ் வரும்வரை சின்னசாமி அண்ணன், கறையை முடித்துவிட்டே வந்திருக்கலாம் என்று முனகிக்கொண்டிருந்தார். நான் என் வழக்கமான திட்டை ஆரம்பித்ததும்தான் நிறுத்தினார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் கறையை நினைத்துத்தான் பதில் சொல்வார்கள். மஞ்சள் தண்ணீர், பால், விபூதி, தேங்காய்த் தண்ணீர் இதெல்லாம் அவர்கள் கணக்கில் ஊற்றியதே ஆகாது. நேற்று இங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த வீட்டில் யாருக்குத் தெரியாமல் செய்கிறார்கள் என்றும் பாருங்கள். நிறம் மாறினால் முதலில் கால்களைப் பாருங்கள். அடுத்த போத்தலைத் தொடாதீர்கள். இவ்வளவுதான். இதற்குத்தான் பாஸ் ஒரு பக்கம் போதும் என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் மம்பாவிலேயே ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது. குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா.

போனால், போர்ச் முழுக்க மோட்டார். சுவரில் வரிசையாக ஸ்பேனர். கோகிலா ஒரு வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா," என்று புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் கேட்டிலிருந்தே புலம்பலை ஆரம்பித்துவிட்டார்.

"பாருங்கம்மா கோலத்த. ஒரு நாள் சுத்தமா இருக்கா? ரெம்பாவுலேர்ந்தெல்லாம் இவளத் தேடி மோட்டார் தள்ளிக்கிட்டு வரானுங்க. அவங்களுக்கு நான் தேத்தண்ணி வேற போட்டுக் குடுக்கணும். நீங்க வந்து எடுத்துக் குடுங்க. நான் ஒன்னும் ஊத்தல. சத்தியமா ஒன்னும் ஊத்தல."

"நேத்து இங்க என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"நேத்து என்ன, ஒன்னும் நடக்கல. வெள்ளிக்கிழம. சாமி கும்பிட்டேன்." கொஞ்சம் யோசித்தார். "வாசல்ல மஞ்சத்தண்ணி தெளிச்சேன்."

சின்னசாமி அண்ணன், நான் சொல்லாமலே, திறக்கப்போன போத்தலை மூடி வேனுக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் டியூப்பை எடுத்தார். அத்தனை வருடத் திட்டுக்கு ஒரு பலன்.

"எது வரைக்கும் எடுக்கணும்?" என்று கேட்டேன்.

அந்த அம்மா போர்ச்சின் நடுவே வந்து நின்றார். கேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், காலின் பெருவிரலால் தரையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

"இதுவரைக்கும் எடுங்க. நான் கோலம் போடணும்," என்றார். பிறகு மருமகள் பக்கம் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அதுக்கு அந்தப் பக்கம் அவளோடது. அதத் தொட்டா என்னைய ஏசுவா."